ஆபீஸுக்குக் குடிவந்த சாமி

தொடர்ந்தாற்போல வந்த விடுமுறை முடிந்து ஆபீஸுக்குள் நுழைந்தபோது, என் கவுண்டருக்கு எதிரே எப்போதும் கிடக்கும் நீள பெஞ்சுகளைக் காணவில்லை. அந்த இடத்தில் வெள்ளை மார்பிளில் ஒரு மண்டபம் முளைத்திருந்தது. உள்ளே காளி. சுற்றி எவர்சில்வர் கம்பித் தடுப்பு, மேலே அணைந்து அணைந்து எரியும் சீரியல் பல்பு, கையெட்டும் உயரத்தில் ஒரு மணி. சிமென்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஆபீஸ் பூட்டியிருந்த நாட்களில் ஆள் வைத்துக் கட்டி முடித்திருக்கிறார்கள்.

எங்களுடையது வங்காளத்தில் கிடர்பூரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசாங்க ஆபீஸ். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர்களும், அவர்கள் இறந்த பிறகு குடும்ப பென்ஷன் வாங்கும் பெண்களும்தான் எங்களிடம் வருகிறவர்கள். காலம் முழுக்க மூட்டை சுமந்த முழங்கால்கள். அவர்களில் இந்துக்கள் உண்டு, கிறிஸ்தவர்கள் உண்டு, அந்தப் பேட்டையில் முஸ்லிம்கள் நிறையவே உண்டு. கவுண்டரில் பெயர் கூப்பிடும்வரை அவர்கள் உட்கார இருந்தது அந்த பெஞ்சுகள்தான்.

அன்றைக்கு ஒரு வயதான அம்மாளின் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். மதியம் சாப்பிடப் போகும்போது பார்த்தால் அவர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பு பர்தா. ஒரு காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, அதன் மேல் பெரிய ரப்பர் செருப்பு.

"காலா, கூப்பிட்டேனே, கேட்கலையா?" என்றேன். அந்தப் பேட்டையில் சித்தி முறைக்குக் காலா என்பார்கள்.

"கேட்டுச்சு மகளே. செருப்பைக் கழற்றிட்டுத்தான் உள்ளே போகணும்னு செக்யூரிட்டி சொன்னான். சாமி இருக்கற இடமாம். புண்ணோட வெறும் கால்ல நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான் இங்கேயே இருந்துட்டேன்."

குரலில் புகாரே இல்லை. மழை பெய்தால் ஒதுங்கி நிற்பதைப் போல, இதற்கும் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார். கையைப் பிடித்து எழுப்பி, செருப்போடு உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். செக்யூரிட்டி குறுக்கே வந்தான்.

"மேடம், பெரிய சாரோட ஆர்டர்."

"எழுத்துல வாங்கிட்டு வா. அப்புறம் பேசலாம்."

அவரை என் நாற்காலியில் உட்கார வைத்து, நின்றுகொண்டே அவர் வேலையை முடித்துக் கொடுத்தேன்.

பிறகு நேராகப் பெரிய சாரின் அறைக்குப் போனேன். நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். எனக்கும் டீ சொல்லிவிட்டு, "மண்டபம் எப்படியிருக்கு தீதி?" என்றார். ஆபீஸில் எல்லோருக்கும் நான் தீதி, அக்கா.

"சார், பென்ஷன்காரங்க எங்கே உட்காருவாங்க?"

"வராந்தாவுல இடம் பண்ணுவோம். கொஞ்சம் பொறுங்க. இது ஸ்டாஃப் எல்லாரும் சேர்ந்து கொடுத்தது. கவர்ன்மென்ட் ஒரு பைசா போடலை."

"கட்டடம் கவர்ன்மென்ட்டோடதுதானே? எரியற கரண்ட்?"

அவர் சிரித்தார். "நீங்க இதைச் சொல்லலாமா? உங்க டேபிள் கண்ணாடிக்கு அடியில முருகன் படம் இருக்கே. வருஷா வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு நீங்கதானே கோலம் போடறீங்க?"

உண்மைதான். நான் கரக்பூர் ரயில்வே காலனியில் பிறந்தவள். விஸ்வகர்மா பூஜைக்கு அப்பாவின் ஒர்க்ஷாப்புக்குப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டு வளர்ந்தவள். கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிறவள். சாமி எனக்கு விரோதி இல்லை. ஆனால் விஸ்வகர்மாவின் மண் பொம்மை ஒரு நாள் வரும், மறுநாள் ஆற்றுக்குப் போய்விடும். பெஞ்சை நகர்த்தினால் திரும்பப் போட்டுவிடுவோம். வந்து போகிற சாமிக்கும், சட்டமாகக் குடியேறி, உள்ளே வருகிறவனின் செருப்பைக் கழற்றச் சொல்கிற சாமிக்கும் வித்தியாசம் இருக்கிறது. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இடத்துக்கு வந்து, கண்ணாடியைத் தூக்கி முருகன் படத்தை எடுத்து கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அது என்னுடைய சாமி, என்னோடு வரட்டும். இனிமேல் அதைச் சொல்லி என் வாயை யாரும் அடைக்கக் கூடாது.

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். பேசினது பூராவும் வங்காளியில். நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, இது பொதுஜனம் வருகிற அரசாங்க ஆபீஸ், இங்கே ஒரு மதத்தின் வழிபாட்டு இடம் நிரந்தரமாக இருக்கக் கூடாது, மண்டபத்தை எடுத்துவிட்டு பெஞ்சைத் திரும்பப் போடுங்கள் என்றேன்.

யூனியன் தாதா எழுந்தார்; இங்கே தாதா என்றால் அண்ணன். சம்பள உயர்வுக்காக கேட் முன்னால் கோஷம் போடும்போது எனக்கு அடுத்து நின்றவர். "வங்காளத்துல மா காளி மதமே இல்லை தீதி. அவ எங்க அம்மா. உங்க ஊர்க்காரங்களுக்கு இது புரியாது. அங்கே சாமியே இல்லைன்னு சொல்றவங்கதானே அதிகம்."

"என் ஊர் கரக்பூர்," என்றேன். "உங்க ஊர்ல இருந்து ரயில்ல ரெண்டரை மணி நேரம். அம்மாதான்னா, புண்ணுக் காலோட வந்த பொம்பளையை எந்த அம்மா வாசல்ல உட்கார வைப்பா?"

சிலர் டிபன் பாக்ஸை மூடினார்கள். அப்போதுதான் பெரிய சார் ஒரு சமரசம் சொன்னார். மண்டபத்துக்கு ஒரு பக்கம் மெக்கா படம், மறுபக்கம் ஒரு சிலுவை மாட்டிவிடலாம், எல்லா மதத்துக்கும் மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார். கைதட்டினார்கள்.

கணக்குப் பிரிவில், ஆபா, அதாவது அக்கா, என்று நான் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். என்னோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் ஆபீஸில் இருக்கும் ஒரே முஸ்லிம் பெண். கூட்டங்களில் பேசவே மாட்டார். அன்றைக்கு எழுந்தார்.

"சார், எங்க படம் எதையும் மாட்டாதீங்க. மாட்டினா நாளைக்கு அதுல ஒரு கீறல் விழும். யார் செஞ்சதுன்னு கேள்வி வரும். வெளியே பேட்டைக்குத் தெரிஞ்சா கலவரம்தான். அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "உன்னை யாரும்மா கேட்டா?" என்றார். "நீ சண்டை போட்டுட்டு டாலிகஞ்ச்ல உன் வீட்டுக்குப் போயிடுவே. நான் இதே தெருவுல குடியிருக்கேன். நான்தான் உன்னைத் தூண்டி விட்டேன்னு காலையில இருந்து ரெண்டு பேர் சொல்லிட்டாங்க."

"நான் உங்களுக்காகப் பேசலை ஆபா. எனக்காகப் பேசினேன். என் ஆபீஸ் கோயிலா மாறுறது எனக்குத்தான் பொறுக்கலை."

"அப்போ அதை அவங்க முன்னாடி சத்தமா சொல்லு," என்றார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் கணவர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நெல்லைக்காரர். சோற்றைப் பிசைந்துகொண்டே, "உனக்கு எதுக்கு இந்த வம்பு? ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான கெடக்கு," என்றார். "எங்க பேங்க்லயும் சாமி படம் இருந்துச்சு. யாரும் செத்துப் போயிரல."

"படத்தைச் சொல்லலைங்க. சாமியைக் காட்டி ஆளை வெளியே நிறுத்தினாங்க, அதைச் சொல்றேன். அந்த இடத்துல நம்ம அம்மா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"நம்மள ஏன் வெளிய நிறுத்தப் போறான்?"

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து எத்தனை சுலபமாக வந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். நியூ டவுனில் வேலை பார்க்கும் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாபா, எக்ஸாக்ட்லி அதுதான் ப்ராப்ளம்," என்று பாதி வங்காளியில் அவரோடு மல்லுக்கு நின்றாள். வாசல் வரை கேட்டது.

மேலிடத்துக்கு எழுதினேன். சில வாரங்களில் ஒரு உயர் அதிகாரி பார்வையிட வந்தார். என் மனுவை விசாரிக்கத்தான் வருகிறார் என்று நம்பிக்கொண்டு காத்திருந்தேன். அவர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார், மணியை அடித்தார், கண்ணை மூடி நின்றார், பிரசாதமாகக் கொடுத்த சந்தேஷ் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் காலையில் என் மேஜையையும் நாற்காலியையும் இழுத்துக்கொண்டு போய் வராந்தாவில் போட்டேன். பியூன் கை கொடுக்கவில்லை. பென்ஷன் வாங்க வந்திருந்தவர்களே ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தேன். செருப்போடு வந்தார்கள், ஊன்றுகோலோடு வந்தார்கள். சாரல் அடித்தால் காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுக்கொண்டோம். உள்ளே வரச் சொல்லி இரண்டு தடவை ஆள் விட்டார்கள். "பொதுஜனம் செருப்போட உள்ளே வரலாம்னு சொல்லுங்க, வரேன்," என்றேன். தெருவில் போகிறவர்கள் நின்று போனில் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பெரிய சாரே வராந்தாவுக்கு வந்தார். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

"ஆபீஸ் மானத்தை வாங்கறீங்க."

"மானம் போனது மார்பிள் போட்ட அன்னைக்கே சார்."

என்ன நடந்தது என்றால், செருப்புக் கட்டளை போய்விட்டது. கூடத்தின் இன்னொரு மூலையில், கழிப்பறைக் கதவை ஒட்டி, பெஞ்சுகள் வந்தன. மண்டபம் அசையவில்லை. பெஞ்சு வந்த மறுநாளே என்னை மாடியில் பழைய கோப்புகள் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பொதுஜனம் வருவதில்லை. கவுண்டரில் இப்போது இருக்கும் இளம் பெண் நல்லவள். ஆனால் வேலையைத் தொடங்குமுன் எழுந்து போய் மணி அடித்துக் கும்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் கும்பிட்டு முடிக்கும்வரை வரிசை நிற்கிறது. பாதி வெற்றி என்று மகள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருக்க வேண்டியதைத் திரும்பக் கொடுத்ததற்குப் பெயர் வெற்றி இல்லை.

மறுபடி மனு எழுதியிருக்கிறேன். இந்த முறை அதில் என் கையெழுத்து மட்டும் இல்லை. ஆபா போட்டிருக்கிறார். பேனாவை மூடும்போது, "பயம் போகலை. ஆனா மணிச்சத்தத்துல கூட்டல் தப்பாகுது," என்றார். மூன்றாவது ஆளை நான் எதிர்பார்க்கவே இல்லை. தபால் பிரிவில் இருக்கும் தாதா, பரம்பரையாகப் பூஜை செய்கிற குடும்பத்துக்காரர், மாடியேறி வந்து மனுவைக் கேட்டார்.

"நான் உன் காரணத்துக்காகப் போடலை," என்றார். "குளிக்காம வர்றவனெல்லாம் பூ சாத்தறான். நேத்து வாடின செம்பருத்தியை இன்னைக்கும் வெச்சிருக்கான். மா காளியை இப்படியா வைக்கறது?"

"தாதா, இது அரசியல் சட்டத்தைப் பத்தின மனு. பூவைப் பத்தினது இல்லை."

"தெரியும். பூவைப் பத்தி ஒரு பாரா சேர்த்துக்கோ."

முடியாது என்றேன். அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.