சுவரில் மாட்டிய பெரியவர்

என்னிடம் ஒரு சுவர் நிறைய கலைப் புகைப்படங்கள் இருக்கின்றன. சரி, பொய், இருப்பது ஒன்றுதான். காஞ்சிபுரம் கண்காட்சியில், யாரோ ஒரு பெரியவர் ஏரிக்கரையில் சிரிக்கும் படத்தை, பெரிய ரசிகன்போலத் தலையாட்டி வாங்கினேன். சட்டம் போட்ட படமென்றால் செத்தவர்தான் என்று மனைவி பொட்டு வைத்து மாலையும் போட்டுவிட்டாள்.

எங்கள் வயலில் வரப்பு வெட்டப் பக்கத்து ஊர் காவாந்தண்டலத்திலிருந்து வந்தவர் தண்ணீர் கேட்டு எட்டிப் பார்த்தார். படத்தில் இருந்தவரே!

"இன்னா நைனா, உயிரோட கீறேன், படத்துக்கு மாலை போட்டு வச்சிகீறீங்க?"

மாலையைப் பிடுங்கப் போனேன். தடுத்தார்.

"இருக்கட்டும். நான் போனா மாட்ட எங்க வூட்ல ஒரு போட்டோ இல்ல. இத்த எனக்குக் குடேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். காசு என்னுடையது, முகம் அவருடையது. படம் யாருடையது? மூன்று நாளாகக் குழம்புகிறேன்.

"யோவ், அந்தப் பெரியவரு வந்துகீறாரு, இன்னா சொல்லட்டும்?" மனைவி வாசலிலிருந்து கூப்பிடுகிறாள்.

இருங்கள், படத்தை இறக்க ஸ்டூல் வேண்டும், எங்கே வைத்தேன்?