ஹண்டர் சத்தம், மிக் சத்தம்

நேற்று தில்லி துவாரகாவில் எங்கள் லிஃப்டில் அடித்த, விமான எரிபொருளை நினைவூட்டும் மண்ணெண்ணெய் வாடை, பாலம் விமான நிலையத்தை ஒட்டி இருந்து இப்போது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டுவிட்ட விமானப்படைக் குடியிருப்பின் மொட்டைமாடிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. குடியரசு தினம் நெருங்கினால் போர் விமானங்கள் அணிவகுத்து ஒத்திகை பார்க்கும். அப்பா ஓட்டிய பழைய ஹண்டர் ஊளையிட்டுக்கொண்டு போகும், பக்கத்து வீட்டு அங்கிளின் புது மிக் வானத்தைத் துணிபோலக் கிழிக்கும். பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது. சத்தத்தை வைத்தே எது என்று நான் சொல்லிவிடுவேன்.

ஒருநாள் காலை, கிழித்துக்கொண்டு போன சத்தம் சட்டென்று அறுந்து, தூரத்தில் தரை அதிர்ந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மகளே, அது ஹண்டர்தானே?" என்று இந்தியில் கெஞ்சினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "சொல்லாதடி" என்று தமிழில் முணுமுணுத்தாள். அப்போது அங்கிள் மிக்கிலும் அப்பா ஹண்டரிலும் பறந்துகொண்டிருந்தார்கள். அது தெரிந்தும் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்து இந்தியில் சொன்னாள்:

"ஆமா பஹன்ஜி, ஹண்டர்தான்."

கொஞ்ச நேரத்தில் ஒரு விமானப்படை ஜீப் வந்தது. எங்கள் வாசலைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. ஆன்ட்டி கீழே இறங்கவில்லை. ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே இருந்தார்.