மூன்றாவது மாடிக்கு வந்த லயம்

வாடகை வீட்டு புரோக்கர் தொழிலில் வீட்டைக் காட்டுவது சுலபம். அந்த அபார்ட்மென்ட்டின் கேட்டைத் திறக்கவைப்பதுதான் பெரும்பாடு. செருப்புத் தேய வீடு தேடியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டு பாத்ரூம்

பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ரிட்டையர் ஆன செல்லத்துரையும் அவர் மனைவி மாரியம்மாளும் பாலக்காட்டுக்கு வீடு பார்க்க வந்தார்கள். மகளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. எஸ்டேட் வேலை முடிந்துவிட்டதால் லயத்து வீட்டை மாதக் கடைசிக்குள் காலிசெய்தாக வேண்டும். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒரு வீட்டில் குழம்பு கொதித்தால் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஏற்கெனவே இரண்டு இடங்களில் "எஸ்டேட் ஆளுங்களா?" என்று கேட்டே திருப்பி அனுப்பியிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு ஃபிளாட்டைக் காட்டினேன். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்த மாரியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ரெண்டு பாத்ரூம் இருக்கே தம்பி, எங்ககூட இருக்கப்போற இன்னொரு குடும்பம் யாரு?"

செக்ரட்டரியின் கேள்வி

வீட்டுக்காரர் துபாயில். அசோசியேஷன் செக்ரட்டரி யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் வீடு. செக்ரட்டரி பாலக்காட்டுத் தமிழர், பேங்கில் இருந்தவர், அதே மாடியில் தனியாக இருப்பவர். ஆள்கூட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. அதனால் லிஃப்டிலேயே செல்லத்துரைக்குப் பாடம் எடுத்தேன். "ஏனுங்க, விருந்தாளி வருவாங்களான்னு கேப்பாருங்க. யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லிப்போடுங்க." அவரும் நன்றாகத் தலையாட்டினார்.

செக்ரட்டரி அதையே கேட்டார். செல்லத்துரை என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஒரு நல்லது கெட்டதுன்னா எங்க லயமே வந்துரும் சார்."

மறுநாள் போன்

"நாளைக்குச் சொல்றேன்" என்று செக்ரட்டரி எழுந்துகொண்டார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊருக்கு பஸ் ஏறும்வரை செல்லத்துரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் அவர்களுக்காக வேறு வீடு விசாரித்துக்கொண்டிருந்தபோது செக்ரட்டரியே கூப்பிட்டார். வழக்கமான அதட்டல் குரலில் இல்லை.

"போன மாசம் காய்ச்சல்ல கெடந்தேன் ஓய், பக்கத்து ஃபிளாட்லேர்ந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கலை. அவா வரட்டும், லயத்தையும் கூட்டிண்டே வரட்டும்."

அன்றிலிருந்து நான் லிஃப்டில் யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு பட்டனை மட்டும் அழுத்துகிறேன்.