காப்பிக் களத்தில் விழுந்த பீங்கான் பல்

என் மனைவி சிரித்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் ஊரில் என்னைத்தான் திட்டுவார்கள். அவள் சிரிக்காத நாளே கிடையாது. தாண்டிக்குடியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் கூத்து நடந்தாலும் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். ஆனால் சிரிப்பு வருவதற்குச் சற்று முன்னால் கை வந்துவிடும். கையில் மண்ணோ மாவோ இருந்தால் முந்தானை வரும். கை கீழே இறங்கும்போது வாய் மூடியிருக்கும். கல்யாணமாகி இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. சிரிப்புச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், சிரிப்பைப் பார்த்ததில்லை.

காரணம் பல். அவள் பிறந்தது கீழே, ஒட்டன்சத்திரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே அடிபம்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே கறையோடு முளைக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கறை பல்லுக்கு மேலே இல்லை, பல்லிலேயே இருக்கிறது. இவளுக்கு மேல்வரிசை முன்பற்கள் முழுக்கப் பழுப்புத் திட்டும் சுண்ணாம்புக் கோடுமாக இருந்தன. "எங்க ஊருல எல்லாருக்கும் இப்படித்தான்" என்பாள். அங்கே அதை யாரும் குறையாகவே நினைத்திருக்க மாட்டார்கள். மலைக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான், "வெத்தலை ரொம்பப் போடுவீங்களோ?" என்று எங்கள் ஆட்கள் கேட்டுக் கேட்டு அந்தக் கையை மேலே ஏற்றிவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று முடிவெடுத்தவள் அவள்தான். எனக்கு அந்தப் பேச்சை எடுக்கவே தைரியம் வந்ததில்லை. அவள் அக்கா மகனின் கல்யாண ஆல்பம் வீட்டுக்கு வந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிற படங்களிலெல்லாம் இவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"பாருங்க, கல்யாண வீட்டுல நான் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிறேன்," என்றாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல புள்ள."

"உங்களுக்கு என்ன தெரியும். கொடைக்கானல்ல ஒரு டாக்டரம்மா பல்லு மேல பீங்கான் ஓடு ஒட்டுறாங்களாம். நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறப் போறேன். கூட வர்றீங்களா, இல்ல உங்களுக்கு வேற சோலி கெடக்கா?"

சோலி கிடந்தது. விட்டுவிட்டுப் போனேன்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. பேச்சில் பாதி இங்கிலீஷ். ஆனால் ஒரு தடவைகூட, "ஏன் இத்தனை நாள் விட்டீங்க?" என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. விளக்கைத் திருப்பி நன்றாகப் பார்த்துவிட்டு, "பல்லு ஸ்ட்ராங்கா இருக்கு அக்கா. கலர் மட்டும்தான் பிரச்சினை," என்றார். பல்லின் முன்பக்கத்தை மெல்லிசாகச் சீவி, அளவெடுத்து, அந்த அளவுக்குப் பீங்கானில் ஓடு செய்து ஒட்டுவதாம். வெனீர் என்று பேர். சீவிய பல் திரும்ப வளராது, அதனால் வெளியே உட்கார்ந்து நன்றாக யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். இவள் கதவு வரைக்கும் போனாள். அங்கிருந்தே திரும்பி, "யோசிச்சிட்டேன்," என்றாள்.

நிறம் எடுப்பதில்தான் எங்களுக்குள் சண்டை. நூல்கடையில் நூல்கண்டுகளை எடுத்துக் காட்டுவதுபோல, வரிசையாக மாதிரிப் பற்களை டாக்டரம்மா நீட்டினார். நான் இருப்பதிலேயே வெள்ளையானதைக் காட்டினேன். இத்தனை வருசக் கறைக்குப் பால் வெள்ளையில் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. அவள் ஒவ்வொன்றாக உதட்டோரம் வைத்துக் கண்ணாடியில் பார்த்தாள். ஜன்னல் பக்கம் போய் வெயிலில் பார்த்தாள். கடைசியில் லேசாக மஞ்சள் ஓடிய ஒன்றை எடுத்தாள்.

"இதுவா? மங்கலாத் தெரியுதே," என்றேன்.

"மனுசப் பல்லு இப்படித்தான் இருக்கும். நீங்க காட்டுறது பாத்ரூம் டைல்ஸ்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா சொல்றதுதான் கரெக்ட், சார்," என்றார். இவளும் சிரித்தாள். கை மேலே போய்விட்டது.

ஓடு தயாராகி வரும்வரை தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் உறை. இட்லியும் ரசச் சோறுமாக அந்த வாரங்கள் போயின. ஒட்டுகிற அன்று நானும் உள்ளே நின்றேன். ஒட்டுவதற்கு முன்னால் ஒரு பீங்கான் ஓட்டை டாக்டரம்மா விரல்நுனியில் வைத்துக் காட்டினார். நகத்தின் கனம்தான் இருக்கும். நுனியில் கண்ணாடித் தெளிவு, ஈறுப் பக்கம் இளமஞ்சள், நடுவே பல்லில் இருக்கிற மாதிரியே மிக மெல்லிய வரிகள். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, பார்த்தே இராத ஒருத்தியின் வாய்க்காக இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் முன்கோபக்காரன். அழுகையும் எனக்குக் கோபம் மாதிரி சொல்லாமல்தான் வரும்.

ஒவ்வொரு பல்லாக, எச்சில் படாமல் பஞ்சு வைத்து, ஓட்டைப் பொருத்தி, நீல வெளிச்சம் காட்டி ஒட்டினார். எச்சரிக்கையும் பண்ணினார். முன்பல்லால் கடினமான எதையும் கடிக்கக் கூடாது, நகம் கடிக்கக் கூடாது, நூலைப் பல்லால் அறுக்கக் கூடாது. "ஒருவேளை கழண்டா பயப்படாதீங்க அக்கா. உடையாம அப்படியே எடுத்துட்டு வாங்க, திரும்ப ஒட்டிரலாம். உடைஞ்சா புதுசு செய்யணும்," என்றார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் அன்றிலிருந்து போலீஸாகிவிட்டேன். முறுக்கை நானே உடைத்துக் கொடுப்பேன். பூக்கட்டும்போது நூல் வாய்ப்பக்கம் போனால் வாசலிலிருந்தே சத்தம் போடுவேன்.

"பல்லு எனக்கா உங்களுக்கா?" என்பாள்.

உண்மையில் அவளுக்குப் போலீஸ் தேவையே இல்லை. சாப்பிட்டதும் கண்ணாடி முன்னால் நின்று, மெத்தென்ற பிரஷ்ஷால் ஈறோரம்வரை தேய்ப்பாள். பிறகு பல்லிடுக்கில் விடுகிற நூலை எடுத்து, ஒவ்வொரு இடுக்காக, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல மெதுவாக இறக்குவாள். மார்கழியில் எங்கள் குழாய்த் தண்ணீர் கையை வெட்டும். அப்போதும் அவசரப்பட மாட்டாள். தனக்கென்று அவள் எதையும் இவ்வளவு பொறுமையாகச் செய்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எல்லாம் சரி, கை மட்டும் இறங்கவில்லை. உள்ளே அத்தனை அழகான பல் இருக்கிறது, சிரிப்பு வந்தால் கை அதுபாட்டுக்கு ஏறுகிறது.

"இனிமே எதுக்கு புள்ள கை?"

"நானா தூக்குறேன்? அதுவா வருது."

டாக்டரம்மா பல்லுக்குத்தான் ஓடு ஒட்டினார், கைக்கு அவர் என்ன செய்வார். ஒருநாள் ஈரத் துணியை உதறிக்கொண்டே அவளே கேட்டாள்: "இவ்வளவும் பண்ணிட்டு நான் கடைசிவரைக்கும் இப்படியே இருந்துருவேனோ?" நான் துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தேன். அவள் சிரிப்பைப் பார்க்காமலேயே நான் போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

காப்பி எடுப்புக் காலம் வந்தது. பழத்தின் தோலை நீக்கிக் கழுவிய கொட்டையை எங்கள் பக்கம் சிமெண்டுக் களத்தில் காயவைப்போம். கொட்டைக்கு மேலே வெளிர்மஞ்சளாக மெல்லிய ஓடு இருக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அந்த ஓட்டை நகத்தால் உரித்துவிட்டு உள்ளே இருக்கும் கொட்டையை முன்பல்லால் கடிப்பது வழக்கம். பல் பதிந்தால் இன்னும் ஈரம். பதியாமல் நின்றால் மூட்டை கட்டலாம். எங்கள் களத்தில் கடித்துச் சொல்கிறவள் எப்போதும் என் மனைவிதான். பல் ஒட்டிய பிறகு அந்த வேலையைச் சிலோன் அக்காவிடம் கொடுத்திருந்தோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவர், எங்களிடம் வேலைக்கு வருகிறார். என்னைக் கிண்டல் பண்ணுவதற்கென்றே "தொரை" என்று கூப்பிடுவார்.

அன்றைக்கு வியாபாரியின் பிக்கப் வண்டி வந்து நின்றது. பள்ளத்திலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சிலோன் அக்கா களத்தின் அந்தக் கோடியில் தார்ப்பாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "காஞ்சிருச்சா இல்லையா, வெரசாச் சொல்லு புள்ள," என்று நான் கத்தினேன். என் மனைவி குனிந்து ஒரு கொட்டையை எடுத்தாள், உரித்தாள், கடித்தாள். இரண்டு பேருக்கும் பீங்கான் நினைவே இல்லை. களத்தில் நின்றால் அவள் கை அப்படித்தான் போகும், என் வாயும் அப்படித்தான் கேட்கும்.

"காஞ்சிருச்சுங்க," என்றாள். அப்புறம் நாக்கால் எதையோ தேடினாள். முகம் வெளுத்துவிட்டது. "போச்சுங்க."

நடுப்பல் ஒன்றின் ஓடு கழன்றிருந்தது. அந்த இடத்தில் சீவிய பல் பழைய பழுப்போடு எட்டிப்பார்த்தது. நான் அதைப் பார்த்த அடுத்த கணம் கை வாயைப் பொத்திவிட்டது. உடையாமல் எடுத்துப் போனால் ஒட்டிவிடலாம். எங்கே போய் எடுப்பது? களம் நிறையக் கொட்டை, கொட்டையிலிருந்து உதிர்ந்த ஓடு. எல்லாம் அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. ஜன்னல் வெயிலில் பார்த்துப் பார்த்து அவள் எடுத்த நிறம்.

"அன்னைக்கே சொன்னேன், வெள்ளையா எடுன்னு. இப்பப் பளிச்சுன்னு தெரிஞ்சிருக்கும்," என்றேன். கோபம் வந்தால் என் வாய் இந்த மாதிரிதான் போகும்.

"காப்பிக்குள்ள விழும்னு பாத்தா பல்லு எடுப்பாங்க?" என்றாள், கைக்குப் பின்னாலிருந்து. குரல் உடைந்திருந்தது.

"யாரும் அசையாதீங்க, மிதிச்சா நொறுங்கிரும்," என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். நானும்தான். சத்தம் போடும்போது ஒரு காலைத் தூக்கியிருந்தேன். அதைக் கீழே வைக்க எனக்கே பயம். கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றபடி அங்கே பாருங்க, இங்கே பாருங்க என்று உத்தரவு போட்டேன். பிக்கப் டிரைவர் பட்டப்பகலில் செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினார். "காந்தம் இருந்தா ஒட்டிக்கிட்டு வந்துரும்ணே," என்று யோசனை வேறு. பீங்கான்யா அது என்று அவர்மேல் பாய்ந்தேன். சிலோன் அக்கா தார்ப்பாயைக் கீழே விட்டுவிட்டு, பார்த்துப் பார்த்துக் கால்வைத்து வந்து, முறத்தில் அள்ளி அள்ளிப் பார்த்தார். இந்தா, இந்தா என்று அவர் நீட்டியதெல்லாம் காப்பி ஓடு. என் மனைவியும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டாள். முறம் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண் கலங்க, கொட்டையைப் புடைத்துப் புடைத்துப் பார்த்தாள்.

முதல் தூறல் விழுந்தது. சிலோன் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டிருந்தேன்.

"தொரை, அந்தக் காலு காஞ்சிருச்சா? மழை வருது, தார்ப்பாயப் போட்டு மூடிரவா?"

எனக்குத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தடுமாறி, காப்பிக் குவியலுக்குள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி சிரித்தாள். கொட்டை நிறைந்த முறம் இரண்டு கையிலும் இருந்தது, கை வர வழியில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாய் முழுக்கத் திறந்து, மேல்வரிசை மொத்தமும் தெரியச் சிரித்தாள். பீங்கான் பற்கள் ஒழுங்காக நிற்க, நடுவே அந்த ஒற்றைப் பழுப்புப் பல்லும் கூடச் சேர்ந்து சிரித்தது. அடிபம்புத் தண்ணீர் குடித்த பல். அதைச் சிரிப்போடு நான் பார்த்தது அன்றைக்குத்தான். எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள் என் மனைவி. இதை இத்தனை வருசம் மறைத்துவைக்க என்ன பாடுபட்டிருப்பாள் என்று நினைத்து, காப்பிக்குள் உட்கார்ந்தபடி நான் அழுதுவிட்டேன். மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

சிரிப்பு தாங்காமல் முறத்தை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்தபோதுதான் அவள் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. சேலைக் கொசுவ மடிப்பில் ஓடு பத்திரமாக உட்கார்ந்திருந்தது. ஓரம்கூடச் சிதறவில்லை. "இந்தா கெடக்குங்க," என்று உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். வண்டியில் பசை இருக்கிறது, இங்கேயே ஒட்டிவிடலாமே என்று டிரைவர் சொன்னார். அவர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு என்னிடம் நிறைய வாங்கிக்கட்டிக்கொண்டார். களத்தைச் சிலோன் அக்காவிடம் விட்டுவிட்டு, ஓட்டைக் கழுவி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம்.

டாக்டரம்மா திட்டவில்லை. சுத்தம் பண்ணி, திரும்ப ஒட்டி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். "காப்பிக்கொட்டையைக் கடிக்காதீங்கன்னு நான் சொல்லலையே அக்கா. இப்படி ஒரு வேலை இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றார். "மலைக்காரங்க யாரு வந்தாலும் இனி மொதல்ல அதைச் சொல்லுங்க டாக்டரம்மா," என்று இவள் சிரித்தாள். கை நெஞ்சுவரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

டார்ச் அடித்த அதே செல்போனில் டிரைவர் படமும் எடுத்திருக்கிறார். நான் காப்பிக்குள் விழுந்து கிடக்கிறேன், எனக்குப் பின்னால் அவள் முறத்தோடு சிரிக்கிறாள். ஊர் முழுக்க அந்தப் படம் சுற்றியதில் எனக்கு மானம் போயிற்று. அவள் அதைச் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனாள்.

கடைக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். "அக்கா, படம் நல்லாருக்கு. இந்த ஒரு பல்லு மட்டும் கறையாத் தெரியுது. மத்த பல்லு மாதிரியே வெள்ளையாக்கித் தரவா?"

அவள் அவர் முகத்துக்கு நேராகச் சிரித்தாள்.

"வேணாங்க. அதுவும் என் பல்லுதான், கெடக்கட்டும்," என்றாள். இரண்டு கையும் மேசைமேலேயே இருந்தன.