பூசாரி கேட்ட கேள்வி

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் மாதர் சங்கத்துக்குத் தையலும் சோப்புச் செய்வதும் கற்றுத்தர அரசாங்கத்திலிருந்து ஒரு கிராம சேவிகா வருவார். சோப்பு யாருக்கும் சரியாக வரவில்லை. அதை விட்டுவிட்டு ஒருநாள் தியானம் சொல்லிக்கொடுத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கண்ணை மூடி, 'நீ யார்' என்று உனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிரு, மனசு அடங்கிவிடும் என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. புகுந்த வீட்டில் யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிறந்த ஊரை வைத்து 'சாலவாக்கத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். நானாவது என்னை விசாரித்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன்.

ஆனால் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் உட்கார இடம் ஏது? கொல்லைப் புளியமரத்தடிதான் காலியாக இருந்தது. எனக்கு ஓய்வு கிடைப்பதும் விளக்கு வைக்கிற நேரத்தில்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. தலைமுழுகிய ஈரக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தேன். அந்தக் கோலத்தில் நானே என்னைப் பார்த்திருந்தாலும் அலறியிருப்பேன். மாமியார் அலறினார்.

"ஐயையோ, சாலவாக்கத்தாவ பேயி புடிச்சிக்கினு கீது! கூப்புடக் கூப்புட அசையாம குந்திக்கினு கீறா!"

நான் கண்ணைத் திறந்து எவ்வளவோ சொல்லியும் எடுபடவில்லை. மறுநாள் காலையிலேயே பூசாரி உடுக்கையோடு வந்துவிட்டார். வாசலில் ஊரே கூடிவிட்டது. பேய் தன் பேரைச் சொன்னதும் என் உச்சிமயிரைப் பிடுங்கி, புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பதாக ஏற்பாடு. மயிர் போனால் போகட்டும். பேய் பிடித்தவள் என்று பேர் வாங்கித் தாய்வீட்டுக்குத் திரும்பினால், என் தங்கையை யார் கட்டுவார்கள்? என் பயமெல்லாம் அதுதான்.

"சொல்லு, யாரு நீ?" என்றார் பூசாரி. சேவிகா கேட்கச் சொன்ன அதே கேள்வி! என் பேரைச் சொன்னேன்.

"இன்னாடா இது, எந்த வூட்டுப் பொம்பள பேரு?" என்று மாமியார் என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"இவ பேருதாம்மா" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"ஏமாந்துடாதீங்க. பேயி மொதல்ல அந்தப் பொண்ணு பேரத்தான் சொல்லும்" என்று பூசாரி வேப்பிலையால் ஒரு சாத்து சாத்தினார்.

திரும்பவும் என் பேரையே சொன்னேன். திரும்பவும் அடி. அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் செல்லுபடியாகவில்லை. சொல்வதற்கு இனி எதுவும் இல்லை என்றானபோது, எனக்குள் என்னவோ ஓய்ந்துபோனது. உடுக்கைச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. பயம் இல்லை, கோபம் இல்லை. கொஞ்ச நேரம் நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். கூடவே பொங்கிக்கொண்டு சிரிப்பு வந்தது.

பேய் சிரிக்கிறது என்று கூட்டம் பின்வாங்கியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் மாமியாருக்கும் ஒரு மாமியார் இருந்தார். சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்து, பூவாடைக்காரியாக அந்த வீட்டார் கும்பிடும் தெய்வமானவர். அவர் பேச்சை எடுத்தாலே என் மாமியார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்.

"ஏண்டி, என்னத் தெரியலியா? நான்தாண்டி ஒன் மாமியா!" என்று அதட்டினேன். "அந்தியில இவ கண்ண மூடிக்கினு குந்தணும். எவளும் கூப்புடக் கூடாது!"

மாமியார் தடாலென்று என் காலில் விழுந்தார். "இது பேயி இல்லம்மா, ஒங்க வூட்டுப் பூவாடை. ஆணி அடிச்சா குத்தமாயிடும்" என்று பூசாரி உடுக்கையை மூட்டை கட்டினார். என் வீட்டுக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அன்று முதல் அந்தியானால் மாமியாரே கொல்லைக் கதவருகே நின்று, வருகிறவர்களை வாயில் விரல் வைத்து அடக்குவார். எத்தனையோ வருஷம் உட்கார்ந்துவிட்டேன். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே கிடைத்த அந்த அமைதி எப்போதாவதுதான் திரும்ப வந்தது. நான் யார் என்று தேட எனக்கென்று கொஞ்ச நேரம் கிடைக்க, நான் வேறு யாரோ என்று ஊரறியப் பொய் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.