நீலமாகிப்போன தட்டுகள்

மௌரீனின் அப்பா கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியதும் குடும்பம் பெங்களூரு பிரேசர் டவுனுக்கு வந்தது. எம்.எஸ்ஸி. முடித்த மௌரீன் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தாள். துறைத்தலைவி ஸ்ரீவித்யாவுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. அந்தப் பதவிக்கு இருவருமே போட்டியிட்டவர்கள்.

ஒரு வருடச் செய்முறைத் தேர்வில் பகை வெடித்தது. பாக்டீரியாவில் லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் ஜீன்கள் ஒரே வரிசையில், ஒரே சுவிட்சின் கீழ் இருக்கும். அந்த வரிசைக்கு ஓபரான் என்று பெயர். சர்க்கரை இல்லாதபோது அடக்கி என்னும் புரதம் சுவிட்சின் மேல் உட்கார்ந்து அதை மூடி வைத்திருக்கும். சர்க்கரை வந்தால் அது விலகும், ஜீன்கள் வேலை செய்யும், பாக்டீரியா வளரும் தட்டில் போட்ட சாயம் நீலமாகும். அன்றைக்கு லாக்டோஸ் போடாத தட்டுகளும் நீலமாகிவிட்டன.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னாலேயே ஸ்ரீவித்யா கேட்டாள்: "தட்டு ஊத்துனது நீங்கதானே மௌரீன்? லாக்டோஸை எதுல கலந்தீங்க?"

"நான் எதுலயும் கலக்கல மேடம். நாம வளர்க்கிற பாக்டீரியா கல்ச்சர்தான் மாறியிருக்கு."

"கவனமில்லாம வேலை செஞ்சுட்டு மியூட்டேஷன்னு பேர் வைக்கிறீங்களா?"

மாணவர்கள் சிரித்தார்கள். மறுநாளே மௌரீனுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

மௌரீன் சும்மா இருக்கவில்லை. வேறு கல்லூரியில் இருந்த தோழி அனுஷாவிடம் அதே வகையில் மாறாத பாக்டீரியா வாங்கி வந்தாள். சாயம் மட்டும் போட்ட ஒரே தட்டில் பாதியில் அதையும் மறுபாதியில் தங்களுடையதையும் தடவினாள். "நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க மேடம், அப்புறம் நான் ஏதோ செஞ்சேன்னு சொல்லக்கூடாது" என்றாள். ஸ்ரீவித்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலையில் அனுஷாவின் பாதி வெள்ளை, இவர்களுடையது நீலம். தட்டில் லாக்டோஸ் கலந்திருந்தால் இரண்டும் நீலமாகியிருக்கும். பிறகு கெடாத அடக்கி ஜீன் ஒன்றைத் தங்கள் பாக்டீரியாவுக்குள் செலுத்தினாள். நீலம் நின்றுபோனது. அப்படியானால் சுவிட்சில் கோளாறு இல்லை. அதைப் பூட்டி வைக்கும் அடக்கியின் ஜீன்தான் மாறிப்போயிருந்தது.

"சரி, மியூட்டேஷன்தான்" என்றாள் ஸ்ரீவித்யா. "பழைய கல்ச்சரையே தட்டு தட்டா மாத்தி வளர்த்தா ஜீன் மாறத்தான் செய்யும். அப்படி வளர்த்தது யாரு?"

"கல்ச்சரை மாறாம உறைய வச்சுக்க ஃப்ரீசர் கேட்டப்போ வேணாம்னது யாரு?"

"வாய் நீளுது உங்களுக்கு."

"உங்களுக்கு மன்னிப்பு கேக்க வாய் வரல."

மெமோவை முதல்வர் திரும்பப் பெற்றார். ஆனால் அடுத்த பருவத்தில் ஆய்வகச் சாவி மௌரீனிடமிருந்து பறிபோனது, முதலாண்டு வகுப்புகள் மட்டும் மிஞ்சின. அவள் ராஜினாமா கொடுத்தாள். இப்போது சந்தாபுரா பக்கத்தில் ஒரு நொதித் தயாரிப்புக் கம்பெனியில் இருக்கிறாள். போன மாதம் ஒரு கருத்தரங்கில் ஸ்ரீவித்யா எதிரே வந்தாள். இருவரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.