பெல்ட் கடை வீட்டுக் கல்யாணம்

எண்பதுகளில் திண்டிவனத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தேன். சிறுதொழில்தான் நாட்டின் முதுகெலும்பு என்று மேடைக்கு மேடை முழங்குவார்கள். அந்தக் கூட்ட நோட்டீஸை எல்லாம் அடித்துக் கொடுத்தவன் நான். எங்கள் ஊர் முதுகெலும்பு ஒரு பெல்ட் கடையில் இருந்தது என்பது முழங்கியவர்களுக்குத் தெரியாது. மோட்டாரிலிருந்து மெஷினுக்கு ஓடும் பெல்ட் அறுந்தால் நெல் மில், மாவு மில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைக்கிற மில், அச்சகம் என்று எல்லாரும் அந்தக் கடைக்காரரிடம்தான் பல்லைக் காட்ட வேண்டும். சாயங்காலம் வாங்கி வைத்து, காலையில் வீட்டிலிருந்து தைத்து எடுத்து வருவார்.

அவர் மகளுக்கு விழுப்புரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பத்திரிகை அடிக்க என்னிடம் கொடுத்தார். மறுநாளே என் பெல்ட் அறுந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் கல்யாண வேலை என்று சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் கழித்து என் வாசலில் வந்து கத்தினார்.

“இன்னாப்பா, பத்திரிகை எங்க?”

“பெல்ட்டைக் குடுங்கண்ணே, தர்றேன்.”

விருந்துக்கு நெல் அரைக்க வேண்டிய மில்லும் அதே கதையாகத்தான் நின்றது. தன் வீட்டுக் கல்யாணத்தைத் தானே நிறுத்தி வைத்திருந்தார். எனக்கோ உள்ளூரக் கொண்டாட்டம். என் மெஷினைக் காலால் மிதித்தும் ஓட்டலாம், வீம்புக்கு ஓட்டவில்லை.

மறுநாள் காலையில் கல்யாணப் பெண்ணே வந்தாள். தைத்த பெல்ட் கையில் இருந்தது.

“கல்யாணப் பொண்ணு ஊசி தொடக்கூடாதுன்னு அம்மா தடுத்துட்டாங்க சித்தப்பா. அப்பாவுக்குத் தைக்கத் தெரியாது, எப்பவும் நான்தான். ராத்திரி அம்மா தூங்கினதும் தைச்சேன்.” பிறகு மெஷினைப் பார்த்தாள். “மிதிச்சாலும் ஓடுமே இது. அடிச்சிருக்கலாமே?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே முந்நூறு பத்திரிகையும் அடித்தேன்.

கல்யாணம் முடிந்து ஒரே மாதத்தில் ஊரில் என்னுடையதோடு சேர்த்து ஏழு பெல்ட் அறுந்தது. நானும் கடைக்காரரும் அவற்றை மூட்டை கட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். சீர் வந்திருக்கிறது என்று நினைத்து மூட்டையை ஆவலாகப் பிரித்த சம்பந்தியம்மாள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. மருமகள் ஊசியை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

“கடை இனிமே விழுப்புரத்துலன்னு ஊர்ல சொல்லிடுப்பா” என்றாள் அப்பாவிடம்.

அந்த நோட்டீஸையும் நான்தான் அடித்தேன். என் பெல்ட் இன்னும் அவளிடம் இருந்ததால், காலால் மிதித்தே அடித்தேன்.